பாதியில் நிறுத்திய ஆட்டுக் கதை

ஊரடங்கு போட்டுக் கொஞ்ச நாளான பிறகு, ஒரு காலையில் எழுந்தபோது எனக்கு மூக்கு செத்துப்போயிருந்தது.

இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே குடியிருக்கிறவர்களுக்கு அலாரம் தேவையில்லை. விடியற்காலையில் தரைக்காற்று மணலி ஆலைகள் பக்கமிருந்து எங்கள் பக்கம் வீசும். வரும்போது வெறுங்கையோடு வராது. ஒரு நாள் அழுகிய முட்டை. ஒரு நாள் யார் வீட்டிலோ கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்ட மாதிரி. ஒரு நாள் வாடையே இருக்காது, மூக்குக்குள் ஊசி மட்டும் இருக்கும். இன்றைக்கு எந்தப் பக்கத்துப் புகை என்று எங்கள் தெருவில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்து, வந்ததை வந்த வழியே திருப்பி அனுப்பும். எங்கள் ஊரில் காலை என்றால் நாற்றம், மாலை என்றால் மீன். இதில் ஒரு குழப்பமும் கிடையாது.

அன்று காலை ஒன்றுமே வரவில்லை. மொட்டைமாடிக்குப் போய் மேற்கே பார்த்து நின்று வயிறு முட்ட இழுத்தேன். வெறும் காற்று. உப்பில்லாத சோறு மாதிரி ஒரு காற்று. முந்தின நாள்தான் டிவியில் சொல்லியிருந்தார்கள், வாசனை தெரியாமல் போனால் அது கொரோனாவின் அடையாளம் என்று. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கத்து மாடியில் ஆட்டோக்காரர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். எனக்குச் சின்ன வயது முதல் சிநேகிதர்.

“இன்னா பாய், தொழுற எடத்த மாத்திட்டியா? மேற்கால கெபுலாவ பாத்துகினு குந்தினு கீற?”

“தோஸ்து, சிரிக்காத. உனுக்கு வாடை வருதா?”

அவர் கையிலிருந்த லுங்கியைக் கொடியில் போட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி நாய் மாதிரி மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். அவர் முகம் மாறியது.

“வரல.”

“எனுக்கும் வரல.”

அவர் மாடிச் சுவரை விட்டு ஓர் அடி பின்னால் போனார்.

“பாய், நேத்து ஒரே தீக்குச்சில தானே பீடி பத்த வச்சோம்?” என்றார்.

அவ்வளவுதான். அவர் அவர் மாடியிலும் நான் என் மாடியிலும் தனிமையானோம்.

நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கெடுக்கிற வேலை செய்கிறவன். எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று பார்த்துக் குறிக்கிற வேலை. யார்டில் எனக்குக் கொடுத்திருந்த மஞ்சள் ஹெல்மெட், கண்ணாடி, கையுறை எல்லாவற்றையும் மனைவியை விட்டு எடுத்துவரச் சொல்லி மாட்டிக்கொண்டேன். தார்ப்பாயைக் கட்டி அதன் கீழ் நாற்காலி போட்டு, ஒரு பிளாஸ்க் நிறைய கபசுரக் குடிநீரை வாளியில் கட்டி மேலே இழுத்தேன். முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தேன். அதன் விளைவை இங்கே எழுத முடியாது. மாடியில் கழிப்பறை இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மாடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி மனைவியிடம் கடைசி விருப்பங்களைச் சொல்ல ஆரம்பித்தேன்.

“எனக்கு எதுனா ஆச்சுன்னா, பள்ளிவாசல்ல சொல்லி…”

“பள்ளிவாசல் மூடிக் கீது. சொம்மா குந்துங்க.”

“அப்ப ஆஸ்பத்திரிக்கு…”

“அங்க போனா தான் வரும்ன்றாங்க. தொண்டை வலிக்கலைல்ல, அப்ப கத்தாதீங்க.”

மதியம் வரைக்கும் மேலே உட்கார்ந்து, சாகப்போகிறவன் சொல்கிற கலிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை அழுதேன். கண்ணாடி மாட்டியிருந்ததால் கண்ணீர் உள்ளேயே தேங்கி, உலகமே மழையில் நனைகிற மாதிரி தெரிந்தது. அப்போதுதான் கீழேயிருந்து அது வந்தது. எண்ணெயில் விழுந்த வாளைக் கருவாடு.

“அதுல ரெண்டு கத்தரிக்கா வெட்டிப் போடு” என்று என்னை அறியாமல் கத்தினேன்.

கீழே பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு மாடிப்படியில் மனைவி ஏறி வந்து நின்றாள். கையில் கரண்டி.

“மூக்கு செத்துப்போச்சுன்னீங்களே” என்றாள்.

அவளுக்குப் பின்னால் எங்கள் மகள் நின்றிருந்தாள். அப்போது அவள் நாலாம் வகுப்பு. ஹெல்மெட்டும் கையுறையும் பனி மூடிய கண்ணாடியுமாக, கருவாட்டுக்குக் கத்தரிக்காய் கேட்கிற அவளுடைய அத்தாவான என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள்.

மனைவியின் கரண்டி தானாக மேலே போனது.

அந்தக் கரண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு நடக்கக் கற்றுக்கொண்ட காலத்திலிருந்தே இழுப்பு. தூசி, பனி, அடுத்த வீட்டு ஊதுபத்தி எல்லாமே ஆகாது. ஆனால் எல்லாவற்றையும்விட ஆகாதது சிரிப்பு. முதல் ரெண்டு மூன்று சிரிப்பு சிரிப்பாக இருக்கும். அடுத்தது நெஞ்சுக்குள் விசில். அப்புறம் இருமல். அப்புறம் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி, கழுத்தெலும்புக்கு மேலே குழி விழும். தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடி, புகை வைக்கிற மெஷினுக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும். அதனால் என் மனைவி ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். பிள்ளையின் நெஞ்சில் விசில் கேட்ட உடனே, கையில் எது இருக்கிறதோ அதைத் தூக்குவாள். பெரும்பாலும் கரண்டி. நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

யார்டில் என்னை வைத்துத்தான் மதியச் சாப்பாடே இறங்கும். லாரி டிரைவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு, “பாய், எதுனா உடு” என்று காத்திருப்பார்கள். வீட்டுக்குள் வந்தால் நான் மாநகராட்சி நோட்டீஸ். தொடங்கின வேடிக்கைகள் எல்லாம் கரண்டியில் இடித்துப் பாதியில் நிற்கும். சிரிப்புக்குப் பயந்து வாழ்ந்த கோமாளி எங்கள் பேட்டையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று கரண்டி மேலே போயிற்று. நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் சிரித்தாள். படியில் உட்கார்ந்து சிரித்தாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து மறுபடி முதலிலிருந்து சிரித்தாள். நாங்கள் இருவரும் விசிலுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. அவளே ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்தாள்.

“இன்னா ரெண்டு பேரும் என்ன அப்டி பாக்கறீங்க?”

மனைவி கரண்டியை இறக்கவே இல்லை. கீழே கருவாடு கருகியது.

சாயங்காலம் ஆட்டோக்காரர் தெருவில் நின்று கூப்பிட்டார். “பாய், எறங்கி வா. நம்ம மூக்கு நல்லா தான் கீது. மணலில தான் கம்பெனிங்கள பாதிக்கு மேல நிறுத்தி வச்சுக்கீறானுங்களாம்.”

நெடுஞ்சாலையில் லாரி ஓடவில்லை. சக்கரத்துக்கு எழும்புகிற கருந்தூசி இல்லை. காற்று தன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. நல்ல காற்றைக் குடித்துவிட்டு, நோய் வந்துவிட்டது என்று போர்த்திப் படுத்தவர்கள் நாங்கள். விஷயம் தெரிந்த பிறகு தெருவில் விசாரித்தால், எங்களைப் போல நாலைந்து வீட்டில் மாடியேறி ஒளிந்திருக்கிறார்கள். ஒருத்தர் மாமியாரிடம் மன்னிப்பே கேட்டிருக்கிறார். அதை இன்றுவரை திரும்பப் பெற முடியவில்லை.

நோன்பு மாதம் வந்தது. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சவில்லை. வீட்டிலேயே, கறி இல்லாமல், வெந்தயத்தையும் பூண்டையும் நம்பிக் காய்ச்சினோம். யார்டில் பெட்டி வரவில்லை, எனக்குப் பாதிச் சம்பளம்தான். தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்திருந்தார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, எங்கள் பக்கம் என்று டிவியில் சிவப்புப் பூசிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில், டெல்லிக் கூட்டத்துக்குப் போய் நோயைக் கொண்டுவந்தவர்கள் என்று எங்கள் மதத்துக்காரர்களையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் டிவியை அணைத்துவிட்டுத் திரும்பினால், என் மகள் தெருவில் ஓடிக்கொண்டிருப்பாள்.

ஓடினாள் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். அதுவரைக்கும் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. பாண்டி ஆட்டத்தில் சில்லு எடுத்துக்கொடுக்கிற வேலைதான் அவளுக்குக் கொடுப்பார்கள். இப்போது இந்தத் தகரத்திலிருந்து அந்தத் தகரம் வரைக்கும் ஓடி, தகரத்தைத் தட்டிவிட்டு, திரும்பி ஓடி வந்தாள். தட்டுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். என் மனைவி அரிசி களைந்துகொண்டே அந்தச் சத்தத்தை எண்ணுவாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வசூல் ஆரம்பிக்கும். நான் பாதியில் விட்ட கதைகள் எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தன.

“அந்தப் பூனை கதை. பூனை மேனேஜரு சீட்ல குந்திச்சு. அதோட நிறுத்திட்ட.”

“எப்ப?”

“கிளினிக்கு போனோமே, அப்ப.”

“கரண்டிய கேளு, நா இன்னா பண்றது” என்பேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் உட்காருவாள். அவள் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள் என்பதையே அந்த மாதம்தான் கவனித்தேன்.

கடைசியில் ஆட்டுக் கதை வந்தது. எங்கள் யார்டில் நடந்தது. பக்ரீதுக்கு முந்தின வாரம், யாரோ வாங்கிக்கொண்டு போன ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் கேட்டுக்குள் நுழைந்து, திறந்து கிடந்த ஒரு காலிப் பெட்டிக்குள் ஏறிவிட்டது. தெரியாமல் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் ‘காலி’ என்று குறித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் காலிப் பெட்டி கத்த ஆரம்பித்தது. எங்கள் வாட்ச்மேன் எலுமிச்சம்பழம் வாங்க ஓடினார். கதவைத் திறந்தால், ஆடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி மெதுவாக இறங்கி வருகிறது. அங்கே நின்ற கஸ்டம்ஸ் ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார், “இது இம்போர்ட்டா, எக்ஸ்போர்ட்டா?” வாட்ச்மேன் சொன்னார், “சார், பக்ரீதுக்கு இம்போர்ட்டா வந்துச்சு. நெலம தெரிஞ்சு சிங்கப்பூருக்கு எக்ஸ்போர்ட்டா போவப் பாத்துருக்கு.”

என் மகள் பாயில் புரண்டாள். விசில் இல்லை.

“அப்பால ஆடு இன்னா ஆச்சு?”

“அது தான் பெரிய கதை. பெருநாளன்னைக்குச் சொல்றேன்.”

நல்லதைப் பெருநாளுக்கு எடுத்துவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வருடம் புதுத்துணி இல்லை, பிரியாணிக்கு வழியில்லை. ஆட்டின் மீதியையாவது எடுத்துவைக்கலாம் என்று நினைத்தேன்.

நோன்புப் பெருநாள் காலையில் தொழுகையை வீட்டிலேயே முடித்துவிட்டு மாடிக்குப் போனேன். மேற்கிலிருந்து அழுகிய முட்டை வந்தது. முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அல்ஹம்துலில்லாஹ், மூக்கு வேலை செய்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து மாடியிலிருந்து ஆட்டோக்காரர், “பாய், வந்துச்சு பாய்” என்று பெருநாள் வாழ்த்து மாதிரி சொன்னார். இருவரும் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து இருமல் கேட்டது.

அடுத்த வாரத்தில் ஒரு காலை. அவள் தலையணை மேல் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். இழுப்புக்குக் கொடுத்திருந்த பம்பை வாயில் வைத்து அடித்தோம். கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தோம். கழுத்துக் குழி ஆழமாகிக்கொண்டே போனது. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் கயிறு கட்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் டாக்டர் நின்றிருந்தார். எங்களை வருடக்கணக்காகத் தெரிந்தவர்.

“மெஷின் போட முடியாது பாய். புகையில பரவும்ன்னு நிறுத்தச் சொல்லிட்டாங்க. பெரிய எடத்துக்குப் போங்க, நிக்காதீங்க.”

ஆட்டோக்காரர் வண்டியை எடுத்தார். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்தார். தகரத்தை அவரே காலால் உதைத்து விலக்கினார். வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கேட்டிலேயே மேஜை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினாள்.

“எந்த ஏரியா?”

“திருவொற்றியூர்.”

நாற்காலியோடு சற்றுப் பின்னால் நகர்ந்தாள். “பேரு?”

சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“டெல்லி போய்ட்டு வந்தீங்களா?”

“நா தாம்பரமே போனதில்லம்மா.”

“சார், காமெடி பண்ணாதீங்க.”

என் வாழ்க்கையில் காமெடி பண்ணாமல் நான் பேசிய ஒரே வாக்கியம் அது. நிஜமாகவே தாம்பரம் போனதில்லை. அந்தப் பெண் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். பழைய புடவையை வெட்டித் தைத்த மாஸ்க் போட்டிருந்தாள். மூச்சுத் திணறல் என்றால் கொரோனா டெஸ்ட் ரிசல்ட் இல்லாமல் உள்ளே விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், ரிசல்ட் வர இரண்டு நாள் ஆகும், எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். என் மனைவியின் மடியில் பிள்ளை ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இறைத்துக்கொண்டிருந்தாள். அதை அந்தப் பெண் பார்த்துவிடாமல் இருக்க மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏறு பாய்” என்றார் ஆட்டோக்காரர். “பெரியாஸ்பத்திரில பேரு கேக்க நேரமிருக்காது.”

அவர் சொன்னபடியேதான். பெரியாஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கிக்கொண்டார்கள். மூச்சுத் திணறுகிறவர்களை எல்லாம் காய்ச்சல் வார்டில்தான் போடுவோம், கூட ஒருத்தர்தான் இருக்கலாம் என்றார்கள். மனைவி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நான் வெளியே நின்று, பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்பார்களே என்று கையிலிருந்த பையைத் திறந்தேன். பதற்றத்தில் எடுத்து வந்திருந்தது என்ன என்று அப்போதுதான் பார்த்தேன். டிவி ரிமோட், ஒரு கிலோ சர்க்கரை, என் மஞ்சள் ஹெல்மெட். போனை வீட்டிலேயே விட்டிருந்தேன்.

“ரிமோட்ட அமுக்கு பாய். கதவு தொறக்குதா பாப்போம்” என்றார் ஆட்டோக்காரர். சொல்லிவிட்டு அவரே திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போனில்தான் மறுநாள் மகளின் குரலைக் கேட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது.

“அத்தா. போர். அடிக்குது. ஆடு.”

“ஆடு இப்ப வேணாம்மா. வூட்டுக்கு வந்தப்புறம்.”

“எதுனா. சொல்லு.”

சிரிப்பு வராத மாதிரி பேச வேண்டும். உலகத்திலேயே சலிப்பான மனிதனாக ஆக வேண்டும். யார்டு விதிகளை ஒப்பிக்க ஆரம்பித்தேன். “பெட்டி உள்ளே வரும்போது கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீல் உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலிப் பெட்டியாக இருந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று உறுதி செய்ய…”

அந்த இடத்தில் அவளுக்கு ஆடு ஞாபகம் வந்துவிட்டது. முதல் சிரிப்பு கேட்டது. அடுத்து விசில். மனைவி போனைப் பிடுங்கினாள்.

“வச்சுடுங்க” என்றாள். கரண்டி இல்லாத இடத்தில் அந்த ஒரு சொல்.

சாயங்காலங்களில் மனைவி வராந்தாவின் கம்பி ஜன்னலுக்கு வந்து சற்று நேரம் பேசுவாள்.

“கொரோனா வார்டுன்னு தான் பேரு. பாத்தா எல்லாம் நம்ம பக்கத்துப் புள்ளைங்க. பக்கத்துக் கட்டில்ல முகத்துவாரக்குப்பத்துப் பொண்ணு. வூட்டு வாசல்ல வருசம் பூரா கரண்ட்டுக் கம்பெனி சாம்பலு பறக்குதாம். அவங்க அம்மா என்ன பாத்து, உங்க புள்ளைக்கு எப்ப இருந்து இழுப்புன்னு கேட்டா. நடக்கும்போதிருந்துன்னேன். எங்க புள்ளைக்கும்ன்னா. அந்தாண்ட ஒரு சின்னது, சடையங்குப்பம். மழைக்கு மழை வூட்டுல தண்ணி ஏறி, செவுரு காயறதே இல்லியாம். அதுக்கு இழுப்பும் கீது, கொரோனாவும் கீது.”

மறுநாள் அந்தச் சடையங்குப்பத்துப் பிள்ளையின் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். வேறு வார்டுக்குக் கொண்டு போயிருப்பதாக நர்ஸ் சொன்னாராம். அதற்கு மேல் மனைவி கேட்கவில்லை. ஆனால் இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது சடையங்குப்பத்துக்கு டிக்கெட் கேட்டால், திரும்பி முகத்தைப் பார்க்கிறாள்.

எங்கள் பிள்ளைக்கு ரிசல்ட் வந்தது. கொரோனா இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான் ஆடிய ஆட்டத்தை ஆட்டோக்காரர் இப்போதும் கல்யாண வீடுகளில் ஆடிக் காட்டுகிறார். முன்பின் தெரியாதவர்களுக்கு எல்லாம் என் பையிலிருந்த சர்க்கரையை ஹெல்மெட்டில் கொட்டி, ஒரு சிட்டிகை அள்ளிக் கொடுத்தேன். ரிமோட்டைத் தவிர எல்லாம் பயன்பட்டது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். தலை முதல் கால்வரை வெள்ளையாக மூடியிருந்ததில் கண் மட்டும்தான் தெரிந்தது. சின்ன வயதுக் கண்.

“கொரோனா இல்ல. அது சந்தோஷம். ஆனா நுரையீரல் நல்லா இல்லை. திரும்பத் திரும்ப வரும். வீடு எங்க?”

“தண்டவாளத்துக்கு மேற்கால. மணலி ரோட்டு பக்கம்.”

அந்தக் கண் சீட்டிலிருந்து நிமிர்ந்தது. “வீட்ட மாத்த முடியுமா?”

மருந்துச் சீட்டில் பம்ப், மாத்திரை, சிரப் எல்லாம் எழுதியிருந்தார். வீட்டை எழுதவில்லை. எழுதியிருந்தால் ஏதாவது ஒரு மெடிக்கலில் கேட்டுப் பார்த்திருப்பேன்.

கேட்காமலும் இல்லை. தெற்கே எங்கேயாவது, கடற்காற்று சுத்தமாக வருகிற இடத்தில், சின்னதாக ஒரு போர்ஷன் பார்க்கச் சொல்லி ஒரு புரோக்கரிடம் பேசினேன்.

“பாய், தப்பா எடுத்துக்காதீங்க. ஓனர் வெஜிடேரியன்தான் வேணுங்கறார்.”

“நாங்க ஆயிடறோம்.”

“பேரு ஒண்ணு இருக்கே.”

“அதையும் வெஜிடேரியனா மாத்திடலாம்.”

அவர் நன்றாகச் சிரித்தார். எனக்கு யாரையும் சிரிக்க வைக்கத் தெரியும். பிறகு சொன்னார், “அது மட்டும் இல்ல பாய். இப்ப வடக்கால இருந்து வர்றாங்கன்னாலே யாரும் சாவி குடுக்க மாட்டேங்கறாங்க. நோய் வரும்ன்னு பயப்படறாங்க.”

அவர்கள் பயத்தைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. நல்ல காற்றுக்குப் பயந்து ஹெல்மெட் மாட்டியவன் நான். ஆனால் தெற்குப் பக்கத்து வீடுகளின் கரண்ட்டுக்கும் காருக்கும் உரத்துக்கும் இங்கேதான் எண்ணெயும் கரியும் எரிகிறது. அந்தப் பக்கத்துக் கடைகளுக்குப் போகிற பெட்டிகளை நான்தான் எண்ணி அனுப்புகிறேன். பெட்டி போகிறது. நாங்கள் போனால்தான் நோய் வரும்.

இன்னும் ரெண்டு மூன்று வீடு கேட்டேன். அப்புறம் யார்டு திறந்தது. நெடுஞ்சாலையில் லாரிகள் பழையபடி வால் பிடித்து நின்றன. நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கழற்றாமல் விட்டதில் ஒன்று இப்போது ஆட்டோக்காரர் வீட்டுக் குளியலறைக் கதவு. என் மகள் அந்தப் பக்கம் போகும்போது சில நேரம் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவாள். ஓடி வந்து தட்டுவதில்லை.

இப்போது அவள் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். பென்சில் டப்பாவுக்குப் பக்கத்தில் பம்ப் வைத்திருக்கிறாள். எப்படிச் சிரிப்பது என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்து, தோளை மட்டும் லேசாகக் குலுக்குவாள். சத்தம் வராது. பெற்றோர் கூட்டத்தில் டீச்சர், “ரொம்ப சீரியஸான பொண்ணு சார், வகுப்பே சிரிச்சாலும் சிரிக்க மாட்டா, எப்படி வளர்த்தீங்க?” என்று பாராட்டினார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், காய்ந்த துணி எடுக்க இருவரும் மாடிக்குப் போனோம். கடற்காற்று எழுந்திருந்தது. அவள் மேற்கே திரும்பி, ஒரு தடவை மோந்து பார்த்தாள்.

“அத்தா, இப்ப ஒண்ணுமில்ல. இப்ப சொல்லலாம்.”

“இன்னாத்த?”

“ஆடு. பெருநாளுக்குச் சொல்றேன்னு சொன்னியே. எத்தினி பெருநாளு போச்சு.”

மறக்கவில்லை. நான் துணிக் கூடையைக் கீழே வைத்தேன்.

“ஆட்டுக்குச் சொந்தக்காரன் வர்ற வரைக்கும் கேட்டாண்ட கட்டி வச்சாரு வாட்ச்மேன். கேட்டாண்ட தானே லாரிக்காரனுங்க பாஸ் காட்டணும். மொத லாரிக்காரன் பாஸ நீட்டுனான். வாட்ச்மேன் வாங்கறதுக்குள்ள ஆடு வாங்கிச்சு.”

அவள் உதட்டை மூடினாள். கை நெஞ்சுக்குப் போனது.

“பாஸ் இல்லாம வண்டி வெளிய போவக் கூடாது. மேனேஜர் சொன்னாரு, ஆடு துன்னுடுச்சுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. எழுதிக் குடுத்தான்.”

“அதையும் துன்னுடுச்சா?” என்று கேட்டாள். கேட்டதும் உதடு திறந்துவிட்டது. தோள் குலுங்கியது. சிரித்தாள், அந்த வருடத்துச் சிரிப்பு, வாய் விட்டு. ஒன்று, இரண்டு.

கேட்டது. சின்னதாக, தூரத்தில் ரயில் போகிற மாதிரி. நான் மேற்கே பார்த்தேன். காற்று திரும்பவில்லை, நல்ல காற்றுதான் வந்துகொண்டிருந்தது. சத்தம் அவளுக்குள்ளிருந்து வந்தது.

கீழே மனைவி இல்லை, கடைக்குப் போயிருந்தாள். கரண்டியைத் தூக்க ஆளில்லை.

“அப்பால?” என்றாள் மகள். நெஞ்சிலிருந்த கை சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. கண் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. மீதிக் கதை என் நாக்கு நுனியில் இருந்தது. ஆபீசர் மறுபடி வருவார், ஆட்டுக்கே ஒரு பாஸ் போடச் சொல்வார். யார்டில் அதைச் சொன்னால் டிரைவர்கள் சோற்றைக் கீழே வைத்துவிடுவார்கள்.

“அப்பால ஒண்ணுமில்ல. சொந்தக்காரன் வந்தான், ஓட்டிகினு போயிட்டான்.”

“அவ்ளோ தானா?”

“அவ்ளோ தான்.”

அவள் மூச்சை மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டாள். தோள் இறங்கியது.

“இதுக்கா இத்தினி வருசம்?” என்றாள். “இதுல சிரிக்கறதுக்கு இன்னா கீது, அத்தா?”

“ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

இருவரும் துணியை மடிக்க ஆரம்பித்தோம்.